கேபிள்காரர் இழுக்கற ஃபைபருக்கு மாறலாமா? எருத்தேம்பதி அக்காவுக்கு பதில்

கேள்வி: நாங்க கேரளாவுல பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை தாண்டி எருத்தேம்பதி பக்கம் இருக்கோம். வீட்ல ஒரு பெரிய கம்பெனி நெட் இருக்கு, 100 எம்பிபிஎஸ் பிளான், வரியெல்லாம் சேத்து மாசம் ஆயிரத்துக்கு பக்கம் வருது. சாயங்காலம் ஆனா சுத்திக்கிட்டே நிக்குது, போன மழைக்கு அஞ்சு நாள் நெட்டே இல்ல, கால் சென்டர்ல பேசறது ஒண்ணும் புரியல. இப்ப எங்களுக்கு டிவி கேபிள் குடுக்கற தம்பி ஃபைபர் இழுத்துட்டு இருக்காரு. அதே ஸ்பீடு பாதி விலைக்கு தர்றேங்கறாரு, ஆனா ஆறு மாசப் பணம் முன்னாடியே வேணுமாம். பொண்ணு கோயமுத்தூர் கம்பெனிக்கு வீட்ல இருந்து வேலை பாக்கறா. வீட்டுக்காரர் சின்ன ஆள நம்பி போகாதேன்னு சொல்றாரு. பார்டருக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுல எங்க தோப்பு இருக்கு, மோட்டார் ரூம்ல கேமரா வெக்கணும், அதுக்கும் இதே லைன்ல இழுத்து விட்டுர்றேன்னு சொல்றாரு. லேண்ட்லைன் நம்பர் வேற இருக்கு, துபாய்ல இருக்கற எங்க தம்பி அதுக்குத்தான் கூப்பிடுவான். என்ன பண்ணலாம்?

பதில்:

மாறலாங்க அக்கா. ஆனா பழைய லைன உடனே வெட்டீராதீங்க, ஆறு மாசக் காச மொத்தமா குடுத்தராதீங்க, தோப்புக்கு லைன் இழுக்கறத இதோட சேக்காதீங்க. இந்தப் பக்கம் பொள்ளாச்சில இருந்து பாலக்காட்டு சித்தூர் வரைக்கும் நெட்வொர்க் வேலைதான் என் பொழப்பு, அதனால கொஞ்சம் வெவரமாவே எழுதறேன், வீட்டுக்காரரையும் பக்கத்துல உக்கார வெச்சு படிச்சுக் காட்டுங்க.

மொதல்ல அவரோட பயத்துக்கு வர்றேன். அந்த பயம் நியாயமானதுதான், ஆனா கேரளாவுல "சின்ன ஆள்"ங்கறது பாதி நேரம் நம்ம கண்ணுக்கு தெரியறது மட்டும்தான். உங்க வாசலுக்கு வர்றது கேபிள்கார தம்பியா இருக்கலாம், அவருக்கு பின்னாடி நெட் குடுக்கற கம்பெனி வேற ஒண்ணா இருக்கும். கேரளா விஷன எடுத்துக்குங்க, அது கேபிள்காரங்களே ஒண்ணு சேந்து வளத்த கம்பெனி, டெலிகாம் கம்பெனிகள கண்காணிக்கற டிராய் வெளியிடற கணக்குல வயர் வழியா பிராட்பேண்ட் குடுக்கற முதல் அஞ்சு கம்பெனில ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் கூட சேந்து அதோட பேரும் வருது. 2023 ஜூன்ல ஆரம்பிச்ச கேஃபோன்ங்கற நெட் கம்பெனி, கேரள மின்வாரியமான கேஎஸ்இபியும் கேரள அரசோட ஐடி கட்டமைப்பு நிறுவனமும் சேந்து நடத்தறது, அதுவும் வீட்டுக்கு வர்றது உள்ளூர் கேபிள்காரர் கை வழியாத்தான். அதனால தம்பிகிட்ட நீங்க கேக்க வேண்டிய மொதக் கேள்வி "எவ்ளோ ஸ்பீடு" இல்லீங்க, "பில்லு யார் பேர்ல வரும், லைசென்ஸ் யாருது"ங்கறது. ஜிஎஸ்டி நம்பரோட, லைசென்ஸ் இருக்கற கம்பெனி பேர் போட்ட பில் குடுத்தா தைரியமா மேல பேசலாம். துண்டுச் சீட்டுல கையெழுத்துப் போட்டுத் தர்றேன்னா வேண்டாங்க, எவ்ளோ நல்ல தம்பியா இருந்தாலும் வேண்டாம்.

ரெண்டாவது கேள்வி, லைன் அறுந்தா யார் வருவாங்க, எத்தன மணி நேரத்துல வருவாங்க. உங்க ஊர்ல நெட்டு நிக்கறதுக்கு காரணம் நூத்துல தொண்ணூறு கம்பெனி பெருசா சின்னதாங்கறது இல்லவே இல்ல, ஆடி மாசக் காத்துல தென்னை மட்டை விழுந்து ஒயர் அறுந்து போறது, அணில் கடிக்கறது, ரோடு வேலைக்கு ஜேசிபி தோண்டறப்ப கேபிள் போறது, இதுதான். பாலக்காட்டு கணவாய்ல காத்து எப்படி வீசும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அப்ப பெரிய கம்பெனிக்காரங்க ஒரு டிக்கெட் போட்டு அது பாலக்காட்டுல இருக்கற கான்ட்ராக்டர் கைக்குப் போயி, அவர் ஆள் பைக் எடுத்துட்டு வர்றதுக்குள்ள ரெண்டு நாள் ஆயிரும், உள்ளூர் தம்பி டிவிக்கும் அதே போஸ்ட்ல ஒயர் வெச்சிருக்கறதால அவரே ஏணி தூக்கிட்டு வந்துருவாரு. இது அவங்களோட நெஜமான பலம், நான் மாறலாம்னு சொல்றதே இதுக்காகத்தான். ஆனா அவர்கிட்ட ஸ்பிளைசிங் மெஷின், அதாவது அறுந்த ஃபைபர ஒட்டற மெஷின், சொந்தமா இருக்கான்னு கேளுங்க. இல்ல பாலக்காட்டுல இருந்து வாடகைக்கு ஆள் வரணும்னா அந்த பலமும் போச்சு, ஏணி மட்டும் வெச்சுக்கிட்டு கண்ணாடி இழைய ஒட்ட முடியாது.

இந்த ஒட்டறத பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா கனெக்சன் குடுக்கற அன்னிக்கு நீங்க பக்கத்துல நின்னு பாக்க வேண்டியது இதுதான். கேபிளுக்கு உள்ள இருக்கற இழை கிட்டத்தட்ட நம்ம தலைமுடி தடிமன்தான், 125 மைக்ரான். மெஷின்ல ஒட்டறவரு மேல் தோல உரிச்சு, ஸ்பிரிட்ல தொடச்சு, கிளீவர்ல ஒரே வெட்டா நேரா வெட்டி, மெஷினுக்குள்ள ரெண்டு முனையும் வெச்சு மூடினதும் திரையில ரெண்டும் எதிரெதிரா வந்து நிக்கறது தெரியும், ஒரு மின்பொறி அடிச்சு ஒண்ணாயிரும், அப்புறம் ஒரு சின்ன குழாய மேல ஏத்தி சூட்டுல சுருக்குவாரு. இப்படி பண்ணினா அந்த ஜாயின்ட் வருசக்கணக்கா அசையாது. இன்னொரு வழி இருக்கு, ஃபாஸ்ட் கனெக்டர்னு ஒரு பிளாஸ்டிக் முனைய கையிலயே மாட்டி விட்டுருவாங்க, அஞ்சு நிமிச வேலை, அன்னிக்கு நல்லாத்தான் ஓடும், ஆனா ரெண்டு மழைக்காலம் போனா உள்ள ஈரமும் தூசியும் ஏறி சிக்னல் இறங்கும், அப்ப சாயங்காலம் வந்துட்டு வந்துட்டு போறது ஆரம்பிக்கும். ஸ்பிளைஸ் பண்ணிக் குடுக்கச் சொல்லி கேளுங்க. நூறு எறநூறு கூட கேட்டாலும் குடுக்கலாம்.

முடிஞ்சதும் அவர்கிட்ட "ஆர்எக்ஸ் பவர் எவ்ளோ வருது தம்பி"ன்னு கேளுங்க, இழை வழியா வீடு வரைக்கும் வந்து சேர்ற வெளிச்சத்தோட அளவு அது. அவர் கையில இருக்கற பவர் மீட்டர்லயும் தெரியும், மோடத்தோட செட்டிங்ஸ் பக்கத்த தொறந்து பாத்தாலும் தெரியும். மைனஸ்ல ஒரு நம்பர் வரும். மைனஸ் 18ல இருந்து 24 வரைக்கும் இருந்தா நல்ல லைன். மைனஸ் 27 கிட்ட வந்துட்டா அது ஓடிட்டு இருக்கறதே புண்ணியம், ஒரு மழை பெஞ்சா சிவப்பு லைட் எரிஞ்சுரும். அந்த நம்பர ஒரு துண்டு பேப்பர்ல தேதியோட எழுதி மோடத்துக்கு அடியில ஒட்டி வெச்சுருங்க. ஆறு மாசம் கழிச்சு நெட்டு தகராறு பண்ணும்போது "அன்னிக்கு 20 இருந்துச்சு, இன்னிக்கு 26 ஆகியிருக்கு"ன்னு சொல்லிப் பாருங்க, மோடத்த ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க, நேரா வந்து ஜாயின்ட்ட பாப்பாங்க.

அதுக்கும் முன்னாடி, இழுக்கறது வீடு வரைக்கும் ஃபைபர்தானான்னு கண்ணால பாருங்க. நெறைய எடத்துல போஸ்ட் வரைக்கும் ஃபைபர் வந்து, அங்க ஒரு தகரப் பொட்டிக்குள்ள ஸ்விட்ச் வெச்சு, அதுல இருந்து வீட்டுக்கு சாதாரண லேன் கேபிள் இழுத்துட்டு அதையும் ஃபைபர்னுதான் விக்கறாங்க. அந்தப் பொட்டிக்கு கரண்ட் வேணும், போஸ்ட்ல கரண்ட் போனா உங்க வீட்ல யுபிஎஸ் இருந்தும் நெட் இருக்காது, போதாக்குறைக்கு இடி இடிச்சா செம்பு ஒயர் வழியா வந்து உங்க ரவுட்டரையும் சேத்து கொண்டு போயிரும். முழு ஃபைபர்னா வீட்டுக்குள்ள வர்ற ஒயர் தட்டையா கருப்பா மெலிசா இருக்கும், முனையில பச்சை இல்லன்னா நீல கலர்ல சதுரமான பிளக்கு, நடுவுல ஒரு இழைய பல வீட்டுக்கு பிரிக்கற ஸ்பிளிட்டருக்கு கரண்டே வேண்டாம், அவரோட ஆபீஸ்ல ஒரு மெஷினு, உங்க வீட்ல ஒரு மோடம், இந்த ரெண்டுக்கும் கரண்ட் இருந்தா போதும். அதனால "உங்க ஆபீஸ்ல கரண்ட் போனா பேட்டரி எத்தன மணி நேரம் தாங்கும்"னு கேட்டு வெச்சுக்குங்க. உங்க வீட்டுக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒண்ணு வாங்கிருங்க, மோடம் அடாப்டர்ல எத்தன ஆம்ப்னு போட்டிருக்குன்னு பாத்து அதுக்கு தகுந்தத வாங்கணும். ஃபைபர்ல இடி இறங்காதுன்னு சொல்வாங்க, கண்ணாடில இறங்காதுங்கறது உண்மை, ஆனா அந்த தட்டை ஒயர்ல தாங்கறதுக்கு ஒரு இரும்புக் கம்பி ஓடும், அத வீட்டுக்கு வெளியவே வெட்டி நிறுத்தச் சொல்லுங்க. சித்திரை வைகாசில இடி சத்தம் கேட்டா அடாப்டர சுவத்துல இருந்து புடுங்கி வெக்கறதுதான் இன்னிக்கும் நல்லது.

இப்ப சாயங்காலம் சுத்தறது. இது மாறினா சரியாகுமான்னா, ஆகலாம், ஆகாமலும் போகலாம், அத முன்கூட்டி பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும். ஜிபான்னு சொல்ற முறையில ஒரு இழைல வர்ற சுமார் 2.5 ஜிபிபிஎஸ்ஸ 32 வீடோ 64 வீடோ பங்கு போட்டுக்கும், வாய்க்கால்ல இருந்து மடை பிரிக்கற மாதிரிதான். கேபிள்காரங்க சிலபேர் வெச்சிருக்கற ஈபான்ல அது பாதிதான், 1.25. உங்க ஊர்ல எல்லாரும் 100 எம்பிபிஎஸ் எடுத்தாலும் எல்லாரும் ஒரே நேரத்துல முழுசா இழுக்க மாட்டாங்கங்கறதால இங்க பிரச்சினை வர்றது கம்மி. பிரச்சினை கேபிள்காரர் தனக்கு மேல இருக்கற கம்பெனிகிட்ட மொத்தமா வாங்கற நெட்டோட அளவுலதான், பேண்ட்வித்னு சொல்வாங்க. கனெக்சன் நூறு இருந்தப்ப வாங்கினத ஐநூறு ஆனப்பவும் ஏத்தாம வெச்சிருந்தா ராத்திரி எட்டுல இருந்து பத்து மணிக்கு எல்லாரு வீட்லயும் சுத்தும். அதனால ஏற்கனவே அவர்கிட்ட நெட் வாங்கியிருக்கற ஒரு வீட்டுக்கு ராத்திரி ஒம்பது மணிக்கு போங்க, கிரிக்கெட் மேட்ச் இருக்கற நாளா இருந்தா இன்னும் நல்லது, உங்க பொண்ண லேப்டாப்போட கூட்டிட்டு போயி லேன் ஒயர் மாட்டி டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. ஸ்பீடு டெஸ்ட்ல தானா வர்ற சர்வர் பக்கத்துலயே இருக்கும், சில சமயம் அவங்க நெட்வொர்க்குக்கு உள்ளயே இருக்கும், அது எப்பவும் சிரிச்சுட்டேதான் காட்டும். அத மாத்தி சென்னை, பெங்களூருன்னு வெச்சு பாக்கணும். யூடியூப் ஓடறத வெச்சும் முடிவு பண்ண வேண்டாம், அதையெல்லாம் கம்பெனிக்காரங்க பக்கத்துலயே கேஷ் சர்வர்ல நகல் எடுத்து வெச்சு குடுக்கறாங்க. பொண்ணோட ஆபீஸ் விபிஎன் போட்டு, ஒரு வீடியோ கால் அரை மணி நேரம் பேசி பாக்கட்டும், அதுதான் உண்மையான டெஸ்ட்டு. வீடியோ காலுக்கு 3, 4 எம்பிபிஎஸ் அப்லோடு போதும், ஆனா அது விடாம நிக்கணும்.

இன்னொண்ணு, இப்ப வீட்ல சுத்தறது லைனால இல்லாம வைஃபையாலயும் இருக்கலாம். பழைய ஓட்டு வீட்டு மண் சுவரு ஒண்ணரை அடி இருந்தா 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சிக்னல் அடுத்த ரூமுக்கே போகாது. பழைய லைனுக்கும் அதே ஒயர் டெஸ்ட்ட ஒரு தடவ பண்ணிப் பாருங்க, ஒயர்ல நூறு வந்து வைஃபைல பத்து வந்தா கம்பெனி மாறினாலும் அதே பத்துதான் வரும். அப்ப மோடத்த பொண்ணு வேலை பாக்கற ரூம்ல வெக்கச் சொல்லி இழுங்க, கேபிள்காரர் எப்பவும் டிவிக்கு பக்கத்துல மாட்டத்தான் பாப்பாரு, ஒத்துக்காதீங்க.

கேமரா விசயம். சின்ன கம்பெனிகள்கிட்ட பழைய முறை ஐபி முகவரி போதுமான அளவு கிடையாது, நம்ம ஆசியா பசிபிக் பகுதிக்கு பொதுவா குடுக்கற இருப்பு 2011 ஏப்ரல்லயே தீந்து போச்சு, அதனால ஒரே முகவரிய நெறைய வீடுகளுக்கு சேத்து குடுப்பாங்க. வீட்ல கேமரா பதிவு பண்ற பழைய டிவிஆர் பொட்டி வெச்சு, ரவுட்டர்ல போர்ட் தொறந்து விட்டு வெளிய இருந்து பாத்துட்டு இருந்தீங்கன்னா அது நின்னு போயிரும், பொது ஐபி தனியா காசு குடுத்து வாங்கணும். இப்ப வர்ற கியூஆர் ஸ்கேன் பண்ணி ஆப்ல பாக்கற கேமராவுக்கு அந்த தொல்லை இல்ல. இன்னும் கேமரா வாங்கலன்னா இந்த மாதிரியே வாங்குங்க.

ஆனா அந்த தோப்பு லைன் இருக்கு பாருங்க, அதுல நான் கண்டிப்பா வேண்டாம்னுதான் சொல்வேன். இன்டர்நெட் லைசென்ஸ்ல ஏ, பி, சின்னு மூணு வகை. ஏ வகைன்னா இந்தியா முழுக்க குடுக்கலாம். பி வகை ஒரு டெலிகாம் சர்க்கிளுக்குள்ள. சி வகை அதவிட சின்ன ஏரியா, கிட்டத்தட்ட ஒரு மாவட்டம் அளவு. கேரளா ஒரு சர்க்கிள், தமிழ்நாடு வேற சர்க்கிள். உங்க வீட்டுக்கும் தோப்புக்கும் நடுவுல ஒரு வரப்புதான் இருக்கும், நீங்க தெனம் நடந்து போயிட்டு வர்ற எடம்தான், ஆனா கேரளாவுக்கு மட்டும் லைசென்ஸ் வெச்சிருக்கற கம்பெனியோட லைன் அந்த வரப்ப தாண்டினா அது அனுமதி இல்லாத லைன். கேஎஸ்இபி போஸ்ட் முடிஞ்சு தமிழ்நாட்டு மின்வாரிய போஸ்ட் ஆரம்பிக்கற எடத்துல அவருக்கு ஒயர் கட்ட உரிமையும் இருக்காது, ஒருநாள் லைன்மேன் வந்து வெட்டிப் போட்டுட்டு போனா யார்கிட்டயும் நியாயம் கேக்க முடியாது. தம்பி கெட்ட எண்ணத்துல சொல்லியிருக்க மாட்டாரு, பார்டர்ல ரொம்பப் பேரு இப்படி செய்யறத பாத்து சாதாரணமா நெனச்சிருப்பாரு. மோட்டார் ரூம்ல ரெண்டு கேமராவுக்கு 4ஜி சிம் போடற கேமரா வாங்கி தமிழ்நாட்டு சிக்னல் நல்லா எடுக்கற கம்பெனி சிம் போட்டா வேலை முடிஞ்சது. அசைவு இருந்தா மட்டும் பதிவு பண்ற மாதிரி வெச்சு, உள்ள மெமரி கார்டும் போட்டுட்டா டேட்டா அதிகம் போகாது.

லேண்ட்லைன் நம்பர் போயிரும் அக்கா, அத மறைக்காம சொல்லிர்றேன். மொபைல் நம்பர் மாதிரி லேண்ட்லைன் நம்பர வேற கம்பெனிக்கு எடுத்துட்டு போற வசதி நம்ம நாட்டுல இல்ல. பழைய லைன் இருக்கும்போதே துபாய் தம்பிக்கும் மத்தவங்களுக்கும் மொபைல் நம்பர சொல்லி பழக்கிருங்க, பேங்க், கேஸ், ரேஷன் எதுலயாவது அந்த நம்பர் குடுத்திருந்தா அதையும் மாத்தீருங்க. அந்த கம்பெனி பிளானோட வந்த சினிமா ஆப் எல்லாமும் கூடவே போகும், வீட்ல யாராவது சீரியல் பாதில இருந்தா இப்பவே சொல்லி வெச்சுருங்க.

காசு விசயத்துல தம்பிகிட்ட இப்படி பேசுங்க: "மொத ரெண்டு மாசம் மாசாமாசம் குடுக்கறேன், நல்லா ஓடினா அப்புறம் ஆறு மாசத்துக்கு சேத்து கட்டறேன்." புதுசா ஏரியா புடிக்கற நேரத்துல பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. சொல்ற விலை ஜிஎஸ்டி 18 சதவீதம் சேத்தா சேக்காமலான்னு கேளுங்க, இன்ஸ்டலேசன் எவ்ளோ, மோடம் யாருது, திருப்பிக் குடுத்தா டெபாசிட் வருமா, ஃபேர் யூசேஜ் எத்தன ஜிபி, தாண்டினா ஸ்பீடு எவ்ளோக்கு இறங்கும், இதெல்லாம் வாட்ஸ்அப்ல எழுதி அனுப்பச் சொல்லுங்க. வாயால பேசினது வாயோட போயிரும். கேபிள்காரங்க ஏரியாவ இன்னொருத்தருக்கு வித்துட்டு போறது நம்ம பக்கம் நடக்கறதுதான், அப்ப நீங்க கட்டின முன்பணத்துக்கு அந்த கம்பெனி பேர் போட்ட பில்லுதான் சாட்சி.

பழைய லைன ஒரு மாசம் கூடவே ஓட விடுங்க. அந்த மாசத்துல ரெண்டு பில்லு வரும், பரவாயில்ல, பொண்ணோட வேலைக்கு முன்னாடி அது பெரிய காசில்ல. ஒரு நல்ல மழையும் காத்தும் அடிச்சு, அதுக்கப்புறம் புது லைன் எப்படி இருக்குன்னு பாத்துட்டு பழசுக்கு கேன்சல் குடுங்க. ஏற்கனவே வருசக் கணக்குல கட்டியிருந்தா அது முடியற தேதிய பாத்து அதுக்கு ஒரு மாசம் முன்னாடி புதுச போடுங்க. புது லைன்ல கோளாறுன்னா ஃபோன்ல சொல்றதோட நிறுத்தாதீங்க, கம்பெனி நம்பர்லயோ ஆப்லயோ கம்ப்ளைன்ட் போட்டு அதுக்கு அவங்க குடுக்கற டாக்கெட் நம்பர எழுதி வெச்சுக்குங்க. ஒண்ணுமே நடக்கலன்னா 1915 தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் இருக்கு. அதுக்கும் மேல போகணும்னா டெலிகாம் சேவைக்கும் நுகர்வோர் கோர்ட்டுக்கு போகலாம்னு 2022ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிருச்சு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே, அதாவது பாலக்காட்டுலயே கேஸ் குடுக்கலாம், சேவைக்கு நீங்க கட்டின காசு அஞ்சு லட்சம் வரைக்கும்னா ஃபீஸும் கிடையாது. இது உங்க பழைய கம்பெனிக்கும் பொருந்தும், அந்த அஞ்சு நாளுக்கு பில்லுல கழிச்சாங்களான்னு ஒரு தடவ எடுத்துப் பாருங்க, கழிக்கலன்னா கேளுங்க.

கேன்சல் குடுக்கறப்ப ஃபோன்ல மட்டும் சொல்லாம ஈமெயில்லயும் அனுப்புங்க. பேங்க்ல ஆட்டோ டெபிட் போட்டிருந்தா நீங்களே போயி நிறுத்துங்க, அவங்க நிறுத்துவாங்கன்னு விட்டா மாசாமாசம் போயிட்டே இருக்கும். மோடத்த எடுக்க வர்ற பையன்கிட்ட அடாப்டரோட குடுத்து, மோடத்துக்கு பின்னாடி இருக்கற சீரியல் நம்பர எழுதி கையெழுத்து வாங்கிக்குங்க, கூடவே ஒரு போட்டோவும் எடுத்து வெச்சுக்குங்க. மோடம் திரும்பி வரலன்னு ஆறு மாசம் கழிச்சு பில்லு அனுப்பறது நடக்கற விசயம், அப்ப அந்த கையெழுத்துதான் உதவும்.